தண்ணீர் ஏறிய அன்று நான் சொன்ன சொல்

வசந்தா,

இங்கே எல்லோரும் சாப்பிடுகிறோம், தூங்குகிறோம், வேலைக்குப் போகிறோம். உன் அம்மா மட்டும் என்னோடு ஐந்து நாளாகப் பேசவில்லை. தட்டை வைக்கிறாள், தண்ணீரை வைக்கிறாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுகிறாள். போன ஞாயிற்றுக்கிழமை நீ ஈப்போவிலிருந்து வந்து என்னிடம் கேட்ட கேள்வியும், அதற்கு நான் சொன்ன பதிலும்தான் காரணம். "அப்பா, கடக்கரையில பறவ கணக்கெடுக்குற கவர்மெண்டு வேல கெடச்சிருக்கு. மாசக் கடைசிக்குள்ள பதில் எழுதணும். ரிங்லெட் மாப்பிள்ள வீட்டுல, வேலக்கிப் போனா கல்யாணப் பேச்சே இல்லன்னு சொல்றாங்க. நான் என்ன செய்யட்டும்?" என்று கேட்டாய். நான் கையிலிருந்த தேநீர்க் குவளையைக்கூடக் கீழே வைக்கவில்லை. "இருக்குற எடத்துல இரு" என்றேன். நீ பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு இறங்கிப் போய்விட்டாய்.

நீ திரும்பும் வளைவைத் தாண்டும் வரை உன் அம்மா வாசலில் நின்று பார்த்தாள். உள்ளே வந்து, "கடல்ல நின்னப்பவும் இதே வார்த்ததான். பன்னெண்டு வருசமாச்சு. இன்னும் வேற வார்த்த கத்துக்கலயா நீங்க?" என்றாள். அதுதான் அவள் கடைசியாகப் பேசியது. நான் கோபத்தில் அன்று முழுக்க உர்ரென்று இருந்தேன். மறுநாள் மலையில் கொழுந்து எடுக்கும் பெண்களுக்கு நிரை பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தபோதுதான் அந்தப் பேச்சு உள்ளே இறங்கியது. அவள் சொன்னது உண்மை. அன்றைக்குச் சொன்ன அதே சொல்லைத்தான், அதே குரலில், மறுபடியும் உன்னிடம் சொல்லியிருக்கிறேன்.

அதனால் இதை எழுதுகிறேன். உறையை இப்போது ஒட்டப் போவதில்லை. நாளைக் காலை பெரட்டில், ஆட்கள் எல்லோரும் கூடிப் பெயர் கொடுக்கும் நேரத்தில், இதில் உள்ளதை வாய் திறந்து சொல்லிவிட்டுத்தான் ஒட்டுவேன். பொய்யை ஊர் கேட்கச் சொன்னவன், உண்மையை மட்டும் உறைக்குள் மறைத்து அனுப்பினால் அது நியாயமாகாது. முடிவு செய்துவிட்டேன். என்னைத் தடுக்க இப்போது வீட்டில் பேச்சுக்கும் ஆளில்லை.

எழுபத்தைந்தோ எழுபத்தாறோ, உனக்குப் பதினொரு வயது. தீபாவளிக்குக் கொஞ்ச நாள் முன்னால், பனி மூடிய ஒரு காலையில், பள்ளிக்கூடம் போகிற வழியில் தேயிலைச் செடிக்கு அடியில் ஒரு பறவையைக் கண்டெடுத்தாய். நீண்டு, நுனியில் கீழ்நோக்கி வளைந்த அலகு. ராத்திரி பாக்டரி விளக்கைப் பார்த்து இறங்கியிருக்கும் என்று சொன்னார்கள். பள்ளிக்கூடத்தை மறந்து அதை என் பழைய சாரத்தில் சுற்றி பிஸ்கட் டின்னில் வைத்தாய். சோறு போட்டாய், தின்னவில்லை. மண்ணைக் கிளறிப் புழு போட்டாய், ஒன்று தின்றது. இரண்டாம் நாள் செத்துப்போனது. நீ அழவில்லை. "இது நம்ம மலப் பறவ இல்ல. எங்க போய்க்கிட்டு இருந்துச்சு?" என்று வீட்டுக்கு வருகிறவர், போகிறவர் எல்லோரையும் கேட்டாய். கோலா தெர்லாவிலிருந்து காய்கறி ஏற்றிக்கொண்டு போகும் லோரிக்கார ஆ செங் மட்டும்தான் பதில் சொன்னார். "இது பூரோங் லாவுட் லா, கடல் பறவ. அங்க நான் மீன் ஏத்தப் போற எடத்துல ரிபு ரிபு இருக்கு" என்றார். ஆயிரம் ஆயிரமாக இருக்கிறது என்றதும் உன் கண்ணைப் பார்க்க வேண்டுமே! அன்றிலிருந்து என்னை நீ விடவில்லை.

தீபாவளிக்கு மறுநாள் லீவில் நாம் நான்கு பேரும் ஆ செங்கின் லோரியில் கோஸ் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து இறங்கினோம். தாப்பா வளைவுகளில் உன் அம்மா பட்ட பாடு உனக்கு நினைவிருக்கும். "கடலப் பாக்குறதுக்கு முன்னாடி கொடலு வந்துரும்போல இருக்கு" என்று வளைவுக்கு வளைவு சொல்லிக்கொண்டே வந்தாள். நான் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். நானும் கடலைப் பார்த்ததே இல்லை என்பதை உங்கள் யாரிடமும் சொல்லவில்லை. நாற்பது ஆட்களை மேய்க்கிற கங்காணி. எனக்குத் தெரியாதது ஒன்று உண்டு என்று ஒத்துக்கொள்ள அன்றைக்கு எனக்கு வாய் வராது.

நாம் போய்ச் சேர்ந்த கம்பத்தில், அந்த மீன்பிடிக் கிராமத்தில், கடலே இல்லை. கண்ணுக்கு எட்டிய தூரம் சேறும் மணலும். படகுகள் ஒருபக்கமாகச் சாய்ந்து கிடந்தன. ஐந்து வயதான உன் தம்பி குமார், "கடல யாரு தூக்கிட்டுப் போனா?" என்று கேட்டு அழ ஆரம்பித்தான். ஆனால் நீ அவனை அழைத்துக்கொண்டு போய்க் காட்டினாய்: சேற்றில் காலால் நடக்கிற மீன், ஒரு கை மட்டும் சிவப்பாகப் பெருத்த நண்டு, அலையாத்தி மரத்தில் குட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த குரங்கு. தூரத்தில், தண்ணீர் தொடங்குகிற கோட்டில், பொடிப்பொடியாகப் பறவைகள். கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும் என்றாய். கரையிலிருந்து சிப்பி மணல் திட்டு ஒன்று நீளமாக உள்ளே போனது. நடுவில் கணுக்கால் நனைகிற அளவுக்கு ஒரு வாய்க்கால், அவ்வளவுதான்.

கரையில் வலை தைத்துக்கொண்டிருந்த மலாய்க்காரப் பெரியவர் ஒருவர் நம்மைப் பார்த்து, "ஆயர் பாசாங் நந்தி. சுப்பாட் பாலே" என்றார். தண்ணீர் ஏறும், சீக்கிரம் திரும்பிவிடுங்கள் என்று. நான், "தாவு, தாவு" என்று தலையாட்டினேன். தெரியுமாம். எனக்கு என்ன தெரியும் வசந்தா? எனக்குத் தெரிந்த தண்ணீர் ரிங்லெட் அணையின் ஏரித் தண்ணீர். அது ஏற வேண்டுமானால் ஒரு வாரம் மழை பெய்ய வேண்டும். அன்றைக்கு வானம் பளிச்சென்று இருந்தது. தண்ணீர் ஏற நாலு நாளாவது ஆகும், அதற்குள் நாம் வீட்டில் இருப்போம் என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டு நடந்தேன். எவ்வளவு நேரத்தில் ஏறும் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவர் விரல் விட்டுச் சொல்லியிருப்பார். கேட்க எனக்கு மனசு வரவில்லை.

திட்டின் கடைசியில் நீ நின்ற நிற்பை நான் மறக்க மாட்டேன். உன் செத்துப்போன பறவையின் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் அங்கே இருந்தார்கள். வளைந்த அலகைச் சேற்றுக்குள் விட்டு விட்டு எடுத்துக்கொண்டு, நம்மை ஒரு பொருட்டாகவே மதிக்காமல். பெரிய வெள்ளைப் பறவைகள் நெட்டைக் காலில் ஒரு பக்கம். நீ குந்தி உட்கார்ந்து ஒரு மணி நேரம் அசையவில்லை. உன் அம்மா புளிச்சோற்றைப் பிரித்து ஊட்டப் பார்த்தாள். வாயை மட்டும் திறந்தாய், கண்ணைத் திருப்பவில்லை. நான் குமாரைத் தோளில் வைத்துக்கொண்டு, ஏதோ அந்தப் பறவைகளை எல்லாம் நானே வளர்த்துவிட்டவன் மாதிரி நின்றேன்.

அப்போதுதான் கடல் பக்கமிருந்து மழை வந்தது. வெள்ளைத் திரை இழுத்தது மாதிரி வந்து நம்மை மூடியது. கரை தெரியவில்லை, மரம் தெரியவில்லை, பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. நம் மலையில் பனி இறங்கினால் என்ன செய்வோம் என்று உனக்குத் தெரியும். அவரவர் செடியைப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். வரிசையாக எண் கொடுக்க வேண்டும். ஒன்று, இரண்டு, மூன்று என்று கடைசி ஆள் வரை குரல் வர வேண்டும். பனி விலகும் வரை ஒரு கால் எடுத்து வைக்கக் கூடாது. என் அப்பா காலத்தில் ஒரு பெண் பனியில் நாலடி நடந்து பள்ளத்தில் விழுந்து செத்த பிறகு வந்த கட்டுப்பாடு அது. என் காலத்தில் ஒருவரும் விழுந்ததில்லை. அந்தப் பெருமையோடுதான் அன்றைக்கும் கத்தினேன். "நில்லுங்க! யாரும் நவுரக் கூடாது! இருக்குற எடத்துல இரு!"

நின்றோம். கொஞ்ச நேரத்தில் நீ என் சட்டையை இழுத்தாய். "அப்பா, தண்ணி நம்ம பின்னாடியும் வருது."

"மழத் தண்ணி. நில்லு."

"மழத் தண்ணி இல்லப்பா, உப்பா இருக்கு. பறவ எல்லாம் நம்ம தலைக்கு மேல கெளம்பிப் போவுது, பாருங்க. ரொம்ப நேரமா பாக்குறேன், தண்ணி கிட்ட வந்தா அதுங்க கரைப் பக்கந்தான் தள்ளிப் போவுது. அது போற பக்கம் போலாம்ப்பா."

உன்னை அறைந்தேன். இதை எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன். பதினொரு வயதுப் பிள்ளை, சரியானதைச் சொன்னதற்காகக் கன்னத்தில் வாங்கினாய். உன்னை அடித்தது உன் பேச்சு தப்பு என்பதால் இல்லை. தண்ணீர் கணுக்காலுக்கு மேல் வந்துவிட்டதை நானும் பார்த்துவிட்டேன், எனக்குப் பயம். பயத்தை மறைக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான். நீ கன்னத்தைத் தடவக்கூட இல்லை. அம்மாவின் கையைப் பிடித்தாய். "நீ வாம்மா" என்றாய். உன் அம்மா என்னைப் பார்த்தாள், உன்னைப் பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து என் பேச்சைத் தட்டாதவள், உன்னோடு மழைக்குள் நடந்து போய்விட்டாள்.

குமாரைத் தோளில் வைத்துக்கொண்டு நான் தனியாக நின்றேன். "திரும்பி வாங்க! நில்லுங்கன்னு சொல்றேன்ல!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். தண்ணீர் முழங்காலுக்கு வந்தது. உங்கள் காலடித் தடம் அழிந்துவிட்டது. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே மாதிரி இருந்தது. அப்போது மழைக்கு அந்தப் பக்கமிருந்து உன் குரல் வந்தது. "ஒண்ணு!" உடனே உன் அம்மாவின் குரல், "ரெண்டு!" அப்புறம் குரல் இல்லை. நீங்கள் காத்துக்கொண்டிருந்தீர்கள். மறுபடியும், "ஒண்ணு!" "ரெண்டு!"

நம் மலையின் வழக்கம். அதில் பாதியை மட்டும் நீ எடுத்துக்கொண்டாய். நிற்பதை விட்டுவிட்டாய், குரல் கொடுப்பதை வைத்துக்கொண்டாய். நான் வாயைத் திறந்தேன். முதலில் சத்தமே வரவில்லை. தலைக்கு மேலே தாழ்வாக ஒரு கூட்டம் பறவைகள் கத்திக்கொண்டு உன் குரல் வந்த பக்கமே போயின. "மூணு" என்றேன். தோளிலிருந்து குமார் தானாகவே, "நாலு!" என்று கத்தினான். குரலைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். காலையில் கணுக்கால் நனைந்த அந்த வாய்க்கால், இப்போது உன் அம்மாவுக்கு இடுப்புக்கு மேல், உனக்கு நெஞ்சு வரை இழுத்தது. அந்த மலாய்க்காரப் பெரியவர் நமக்காகத் தண்ணீரில் இறங்கி நின்று கயிற்றை வீசிக்கொண்டிருந்தார். முதலில் உன்னைத்தான் பிடித்துத் தூக்கினார். கரையில் உன் தலையைத் தொட்டு, "பண்டாய் புடாக் இனி" என்றார். உன் அம்மா என்னவென்று கேட்டாள். எனக்குப் புரிந்தது, ஆனாலும் மழை விட்டுவிடும் என்கிறார் என்று சொன்னேன். அவர் சொன்னது, இந்தப் பிள்ளை கெட்டிக்காரி என்று. பன்னிரண்டு வருஷம் கழித்து இப்போது உன்னிடம் சேர்த்துவிட்டேன்.

லோரியில் ஏறும்போது ஆ செங் ஏன் எல்லோரும் தொப்பலாக நனைந்திருக்கிறீர்கள் என்று கேட்டார். "தண்ணி ஏறிருச்சு. நல்ல வேள, நான் பாத்துக் கூட்டியாந்துட்டேன்" என்றேன். வாயில் அப்படித்தான் வந்தது. நீ என்னை ஒருமுறை பார்த்தாய். பிறகு வெளியே பார்க்கத் தொடங்கினாய். அந்தப் பொய் ஒவ்வொரு தீபாவளிக்கும் கொஞ்சம் கொழுத்தது. ஒரு வருஷம் வாய்க்கால் ஆறானது, அடுத்த வருஷம் மூன்று பேரையும் நானே தூக்கி வந்தேன். விருந்துக்கு வந்தவர்கள் முன்னால் நான் கையை ஆட்டி ஆட்டிச் சொல்லும்போது, நீ பலகாரத் தட்டை நீட்டிக்கொண்டு தலை குனிந்து போவாய். ஒருநாளும் மறுத்ததில்லை. நீ மறுக்காததால் கொஞ்ச காலத்தில் நானே அதை நம்பிவிட்டேன். நீ ஈப்போவுக்குப் படிக்கப் போக வேண்டும் என்றபோதும், பொம்பளப் பிள்ளை தனியாக எப்படி என்று நான் முரண்டு பிடித்தது இந்த நம்பிக்கையில்தான்: இந்த வீட்டைக் கரை சேர்க்கிறவன் நான். அப்போதும் உன் அம்மாதான் பெட்டியைக் கட்டினாள்.

மலையில் பனி இறங்கினால் நான் இன்றைக்கும் நில் என்றுதான் சொல்வேன். அது தப்பில்லை. மலையின் சொல்லைக் கடலுக்குக் கொண்டு போனதுதான் தப்பு. போன ஞாயிற்றுக்கிழமையும் அதையே செய்தேன். உன் வேலையைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? எவ்வளவு நேரத்தில் தண்ணீர் ஏறும் என்று கேட்காதவன், உன்னையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இதிலிருந்து எழுதுவது மறுநாள். சொல்லிவிட்டேன், வசந்தா. காலையில் பெயர் கொடுத்து முடிந்ததும், "கொஞ்சம் நில்லுங்க, ஒரு பேச்சு இருக்கு" என்றேன். சம்பளக் குறைப்போ என்று எல்லோர் முகமும் சுருங்கியது. கடலில் நடந்ததை ஆரம்பம் முதல் சொன்னேன். அறைந்ததையும் சொன்னேன். கைத்தடியை ஊன்றிக்கொண்டேன். முடித்ததும் முன்வரிசையில் நின்ற மாரியாயி கூடையை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு சொன்னாள்: "அது எங்களுக்குத் தெரியும்லா கங்காணி. ஒங்க பையன் மறுநாளே லயத்துல வீடு வீடாச் சொல்லிட்டான், அக்காதான் கூட்டியாந்துச்சுன்னு. பாவம், மனுசன் ஆசயா சொல்றாரு, சொல்லிட்டுப் போவட்டும்னு விட்டுட்டோம்."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு முதலில் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. பிறகு நானும் சிரித்துவிட்டேன். பன்னிரண்டு தீபாவளி! அத்தனை பேரும் என் முறுக்கைத் தின்றுகொண்டு, தெரியாத மாதிரி வாயைப் பிளந்து கேட்டிருக்கிறார்கள். ஆனால் மலையேறும்போது சிரிப்பு நின்றுவிட்டது. ஊரே அறிந்த விஷயத்தை வாய் திறந்து சொல்லாதவள் நீ ஒருத்திதான். என் மானத்தை நீ அத்தனை வருஷம் சுமந்திருக்கிறாய், அதுவும் அறை வாங்கிய கன்னத்தோடு. என்னை மன்னித்துவிடு. இதைச் சொல்லாமல் நான் வேறு எதைச் சொன்னாலும் வீண்.

மத்தியானம் வீட்டுக்கு வந்தேன். மாரியாயி எனக்கு முன்பே செய்தியைக் கொண்டுவந்துவிட்டாள் போல. உன் அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்து, "டீ வேணுமா?" என்றாள். ஆறு நாளுக்குப் பிறகு ஒரு பேச்சு. வேண்டும் என்றேன்.

இந்த ஞாயிற்றுக்கிழமை நான் ரிங்லெட்டுக்குப் போகிறேன். பையன் நல்லவன்தான், அவன் அப்பாவுக்குத்தான் குரல் பெரிசு. அதைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை, நானும் அப்படி ஒரு அப்பாதான். அவரிடம் ஒன்றைத்தான் சொல்வேன்: "என் மக முடிவு என்னன்னு எனக்குத் தெரியாது. அவ சொன்னப்புறம் வர்றேன். அதுவரைக்கும் அவள யாரும் நில்லுன்னு சொல்லக் கூடாது, நானும் சொல்ல மாட்டேன்." அவர் கோபித்துக்கொண்டாலும் சரி, தேநீர் கொடுக்காமல் அனுப்பினாலும் சரி, சொல்லிவிட்டுத்தான் வருவேன். போ என்றும் உனக்கு நான் சொல்லப்போவதில்லை. அதுவும் ஒரு கட்டளையாகிவிடும். நான் போட்ட கட்டளை போதும். அந்தப் பையனிடம் நீயே பேசு, அந்தக் கரையை நீயே இன்னொரு முறை போய்ப் பார், பிறகு உனக்குத் தோன்றுகிற பக்கம் நட. போகிற இடத்தில் தெரியாததை அங்கே இருப்பவர்களிடம் கேள். கேட்பது மானக்கேடு இல்லை என்று கற்றுக்கொள்ள எனக்கு ஒரு கடல் தேவைப்பட்டது, உனக்கு அது வேண்டாம்.

எனக்கு இப்போதும் பயமாகத்தான் இருக்கிறது. நீ எந்தப் பக்கம் போவாய் என்று இங்கிருந்து பார்த்தால் தெரியவில்லை. ஆனாலும் நான் கத்தப் போவதில்லை, வாசலில் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கப்போகிறேன். நீ நடந்துகொண்டே "ஒண்ணு" என்று குரல் கொடு. உன் அம்மா "ரெண்டு" சொல்வாள். எவ்வளவு தூரத்திலிருந்து கூப்பிட்டாலும் சரி, மூன்றாவது குரல் இந்த முறை உடனே வரும்.

உன் அப்பா